முதுகில் கட்டும் மிதவை

கோடை விடுமுறை வந்தால் கடைகளில் காற்றடைத்த கைப்பட்டைகள் தொங்க ஆரம்பித்துவிடும். நீச்சல் பழகும் பிள்ளைக்கு அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அதை மாட்டிய குழந்தையைத் தண்ணீரில் சற்றுக் கவனித்துப் பாருங்கள். உடல் செங்குத்தாக நிற்கும், கால்கள் சைக்கிள் மிதிக்கும், கைகளோ பக்கவாட்டில் விரிந்தபடி வீசவும் முடியாமல் கிடக்கும். நீந்துவதற்கு உடல் நீர்மட்டத்தோடு படுக்க வேண்டும். பிற்பாடு பாடுபட்டு மறக்கடிக்க வேண்டிய பழக்கத்தை அல்லவா இது முதலில் ஊட்டுகிறது! ஈரக் கையிலிருந்து வழுக்கும், ஓட்டை விழுந்தால் காற்றும் போய்விடும். இடுப்பு டியூப் இன்னும் மோசம். கவிழ்ந்தால் சின்னப் பிள்ளையால் நிமிர முடியாது.

கிணற்றில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்கிவிட்ட நம் பெரியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. மிதவை முதுகில் இருந்தால் பிள்ளை குப்புறப் படுக்கலாம், கை கால் நாலும் வேலை செய்யும். இன்று பட்டையில் கோத்து வரும் ஃபோம் கட்டைகளும் அப்படித்தான். பழகப் பழக ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம்.

ஆனால் இவை எதுவும் உயிர்காப்பு அங்கி ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ கால்வாசி 5 வயது நிரம்பாத குழந்தைகள். பெற்றோரே, பிள்ளை தண்ணீரில் இருக்கும்வரை நீங்களும் இறங்கி, கைக்கெட்டும் தூரத்திலேயே நில்லுங்கள். செல்போன் பையிலேயே கிடக்கட்டும்.