சுவிட்ச் பழசு என்று கழற்றாதீர்கள்

கோவை கணபதி வட்டாரப் பட்டறைகளில் பேனல் போர்டு பழுது பார்ப்பது என் தொழில். இப்போது வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: இயந்திரம் நன்றாக இருக்கிறது, கட்டுப்பாட்டு கார்டு எரிந்துவிட்டது, அந்த மாடல் கார்டு இப்போது கிடைப்பதில்லை. முதலாளி காயலான் கடையில் விலை கேட்கத் தொடங்கியிருப்பார். அவசரப்படாதீர்கள் என்பேன். வார்ப்பிரும்பு உடம்பும் மோட்டாரும் இன்னும் பல வருடம் உழைக்கும். எரிந்த கார்டின் வேலையைச் சில நூறு ரூபாய் மைக்ரோகண்ட்ரோலர் செய்துவிடும்.

அதைப் பழைய சுவிட்சுகளோடு இணைக்கும் இடத்தில்தான் புதிதாக வரும் பையன்கள் சறுக்குகிறார்கள். பழைய லிமிட் சுவிட்ச் 24 வோல்ட்டில் ஓடுவது. 5 வோல்ட் சிப்பில் நேரே கொடுத்தால் சிப் போய்விடும். அதற்குப் பயந்து 24 வோல்ட்டையே எடுத்துவிட்டு, சிப்புக்குள் இருக்கும் புல்-அப் மின்தடையை நம்பி ஒயர் இழுக்கிறார்கள். மேசையில் வேலை செய்யும், பட்டறையில் செய்யாது. அந்த வழியில் ஓடுவது கால் மில்லி ஆம்பியர்கூட இருக்காது. வெள்ளி முனையில் படிந்த கறையைத் தாண்ட அது போதாது. மோட்டார் கிளம்பும்போது நீள ஒயரில் ஏறும் இரைச்சலையும் சுவிட்ச் அழுத்தியதாகச் சிப் எடுத்துக்கொள்ளும்.

24 வோல்ட்டை அப்படியே விட்டுவிட வேண்டும். நடுவில் ஒரு பிசி817 ஆப்டோகப்ளர், அதற்கு முன்னால் 2.2 கிலோ ஓம், அரை வாட் மின்தடை. சுவிட்சில் 10 மில்லி ஆம்பியர் ஓடும். இரு பக்கத்துக்கும் இடையே வெளிச்சம் மட்டுமே கடக்கும். முனை துள்ளுவதற்கு நிரலில் 20 மில்லி விநாடி பொறுத்தால் சரி.

ஒன்றில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எமர்ஜென்சி பொத்தானைச் சிப்புக்குக் கொடுத்து, நிரலை நம்பி மோட்டாரை நிறுத்தும் பேனல்களைப் பார்த்திருக்கிறேன். நிரல் உறைந்த நேரத்தில் தொழிலாளியின் கை உள்ளே இருந்தால் என்ன ஆகும்? அந்தப் பொத்தான் காண்டாக்டர் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நேரே வெட்ட வேண்டும். சிப்புக்குத் தகவல் சொல்ல இன்னொரு முனை போதும்.

2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தபோது வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. பட்டறை இயந்திரங்களையும் சேர்க்க வேண்டும். சர்க்யூட் படம் இல்லாததால்தான் பல நல்ல இயந்திரங்கள் எடைக்குப் போகின்றன.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பேனல் மாற்றிக் கொடுப்பவரிடம் ஒயரிங் படத்தையும் நிரலின் நகலையும் கேட்டு வாங்குங்கள். படத்தைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிய பிறகு பணம் கொடுங்கள்.