பெயரின்றேல் கணக்கில்லை

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் நம் கடற்கரைகளில் திரளும் சிறு பறவைகளையெல்லாம் ‘உள்ளான்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவது தமிழில் நெடுநாளைய வழக்கு. பேச்சுக்கு அது போதும், விஞ்ஞானத்திற்குப் போதாது.

முன்னர் ஒருகால், சில்கா ஏரிப் பறவைகளைப் பற்றிய குறிப்பொன்றைத் தமிழாக்கிய போது, மூலத்தில் தனித்தனியே நின்ற மூன்று இனங்களையும் ‘சிறு உள்ளான்’ என்றே எழுதிவிட்டேன். வாக்கியம் செவ்வனே அமைந்தது. ஆனால், இரண்டு பறவைகள் மறைந்துபோயின. அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

இப்பறவைகளைப் பிரித்தறிதல் கடினமே, இயலாததன்று. கொசு உள்ளான்களுள் ஒன்றிற்குக் கால்கள் கறுப்பு; டெம்மிங்க் என்பாரின் பெயர் தாங்கிய மற்றதற்கு மஞ்சள் கலந்த பசுமை. சேறு படிந்த கால் கண்ணை ஏமாற்றக்கூடும். ஆகவே பறவை எழும்பும் வரை காத்திருத்தல் நன்று. வாலின் ஓரச் சிறகுகள் தூய வெண்மையாயின் அது டெம்மிங்க் உள்ளானே. வளைந்த அலகுடைய குர்லூ உள்ளான் பறக்கும்போது வாலடி வெள்ளையாகத் தோன்றும். அதனை ஒத்த டன்லின் உள்ளானுக்கோ அவ்வெண்மையின் நடுவே கருங்கோடு ஓடும்.

இத்தகைய நுணுக்கம் வல்லுநர்க்கே உரியது என்பர் சிலர். அதனை நான் ஒப்பவில்லை. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நிகழும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பெரும்பங்கு ஏற்போர் தொண்டர்களே. அவர்களுக்குத் தாய்மொழியில் தெளிவான பெயர்கள் வேண்டாவா? குர்லூ உள்ளானின் தொகை உலகெங்கும் குறைந்து வருவதால், 2024ஆம் ஆண்டில் அது அழிவாபத்துக்கு இலக்காகக்கூடிய இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. அதனைப் பிற உள்ளான்களோடு கலந்து எண்ணினால், குறைவு நிகழ்ந்தும் நம் ஏட்டில் தோன்றாது.

அறியாததை அறிந்ததாக எழுதுதலும் அதே அளவு தீங்கு. முன்பு ஒரே இனமெனக் கருதப்பட்ட சிறிய மணல் உப்புக்கொத்தியை அண்மையில் சைபீரிய இனம், திபெத்திய இனம் என இரண்டாகப் பிரித்துள்ளனர். குளிர்காலச் சாம்பல் உடையில் அவற்றை வேறுபடுத்துவது தேர்ந்தோர்க்கும் அரிது. அவ்விடத்து, ‘மணல் உப்புக்கொத்தி, இனம் துணியப்படவில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

தெளிந்த இனத்திற்குத் தனிப்பெயர். தெளியாத இடத்தில் வெளிப்படையான ஐயம். இவ்விரண்டையும் காப்பது கரையில் நிற்போர்க்கு மட்டுமன்று, மேசையில் அமர்ந்து மொழிபெயர்ப்போர்க்கும் கடமையாம்.