கூதிர் எங்கே போயிற்று?

சென்ற ஐப்பசியில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவற்றில் மூன்று கதைகளில் அக்டோபர் மாதத்தில் இலை உதிர்கிறது. ஒன்று ராசிபுரத்தில் நடக்கிற கதை. கதாநாயகி சருகுகள் நொறுங்க நடந்து போய்க் காதலனைப் பிரிகிறாள். ஐப்பசி மாதத்து ராசிபுரத்தில் சருகுக்கு எங்கே போவது? அவள் காலில் ஒட்டியிருக்கக் கூடியது சேறுதான்.

கோபம் வந்தது. பிறகு என் பழைய நாவல் ஒன்றைப் புரட்டினேன். அதிலும் இதே சருகு! ஆகவே, திட்டப் போகிறவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வேம்பும் அரசும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். கொல்லிமலை அடிவாரக் காடுகள்கூடத் தை பிறந்த பிறகே மொட்டையாகின்றன. இலையை வைத்துப் பருவம் பார்ப்பது குளிர்நாட்டார் வழக்கம். அவர்களுக்கு அது சரி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நமக்கு ஏது ஐயா பருவம்? வெயில், கடும் வெயில், கொடும் வெயில், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். இவர்கள் ஒரு நாளாவது நடுப்பகலில் தங்கள் நிழலைப் பார்த்ததுண்டா? சேலம், நாமக்கல் சீமையில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். அதன்பின் நான்கு மாத காலம் உச்சிப்பொழுது நிழல் தெற்கே விழுகிறது. ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி மறுபடி உச்சி. பிறகு நிழல் வடக்கே திரும்பிவிடுகிறது. தெற்குத் திண்ணையில் வெயில் மெல்ல ஏறுவதும் அப்போதுதான். ஆடியில் ஆறரை தாண்டியும் இருந்த வெளிச்சம் ஐப்பசியில் ஆறு மணிக்கே போய்விடுகிறது. வெப்பமானி அதிகம் இறங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் விடியற்காலையில் கடலைக் காட்டில் நடந்து பாருங்கள், முழங்கால் வரை பனி நனைக்கும். தட்டான்கள் தாழப் பறக்கும். சோளக் கதிரைத் தேடி மத்திய ஆசியாவிலிருந்து சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அத்தனை தூரத்திலிருந்து வருகிற குருவிக்குத் தெரிகிற பருவம் உள்ளூர்க் கதாசிரியனுக்குத் தெரியவில்லை.

பெயரும் இல்லாமல் போகவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஒன்று. புலவர்கள் மட்டும் வைத்திருந்த சொல்லும் அல்ல. எங்கள் ஊர்ப் பாட்டிமார் இன்றும் விடியலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கூதலடிக்குது கண்ணு, உள்ளே வா" என்கிறார்கள். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. கூதல் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் அடிக்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். என் பேத்தி ஒருநாள், "அப்புச்சி, நம்மூருக்கு மட்டும் ஏன் இலையுதிர் காலமே இல்லை?" என்று கேட்டாள். ஊருக்கே ஏதோ ஊனம் போலக் கேட்டாள். அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நாங்கள்தான், கதை எழுதுகிறவர்கள்.

ராசிபுரத்துக் கதையைத் தள்ளிவிடவில்லை. சருகை எடுத்துவிட்டால் நல்ல கதை. அவள் புறப்படும்போது ஆறு மணிக்கே இருட்டியிருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். ஆசிரியரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.