கறையானுக்குச் சங்கீதம் தெரியாது

மறந்துபோன ரெக்கார்டு ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான்: "நல்ல பாட்டா இருந்தா நிக்காமப் போயிருக்குமா?" காலம் சல்லடை போட்டுச் சலித்துக் கொடுத்துவிட்டதாம், வந்து சேர்ந்ததே போதுமாம். சோம்பேறித்தனத்துக்கு இதைவிட கௌரவமான சாக்கு கிடையாது.

இந்த நம்பிக்கைக்குச் சிதம்பரத்திலேயே ஒரு புராணம் உண்டு. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைத் தேடி நம்பியாண்டார் நம்பியோடு சோழ மன்னன் வந்தான். கதவைத் திறந்தால் புற்று. எண்ணெய் ஊற்றிக் கறையான் மண்ணைக் கரைத்து எடுத்ததில் மிஞ்சியவை ஏறக்குறைய 800 பதிகங்கள். மன்னன் மனமுடைந்து நின்றபோது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைச் செல்லரிக்க விட்டோம் என்று அசரீரி எழுந்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அழகான ஆறுதல். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று கிடைத்தது. ஏடுகளில் இல்லாதது. அது வேண்டாத பதிகமா? இன்று அதையும் சேர்த்துத்தானே ஓதுகிறார்கள்?

அதே புராணத்தில் இன்னொரு இடம். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. நம் கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துத்தான் பண் வகுத்தார்கள். தேடிப் போக ஆள் இருந்தது, மிஞ்சியது.

ரெக்கார்டு சமாச்சாரமும் இப்படித்தான். பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்து ஒரு தட்டு போட்டார். விற்கவில்லை. எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் 2002இல் அதை டில்லிக் கடையொன்றில் கண்டெடுத்தார். 2010இல் மறுபதிப்பு வந்ததும், சிகாகோவில் 1987 வாக்கில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆசிட் ஹவுஸ் இசையின் சாயல் இதில் முன்பே இருக்கிறதே என்று வாயைப் பிளந்தார்கள். ஜமைக்காவின் 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்' 1977இல் வந்தது. பெரிய கம்பெனி கைகழுவிவிட, 1996 மறுபதிப்புக்குப் பிறகுதான் பரவலாகக் காதில் விழுந்தது. பிரேசிலில் ஆர்தர் வெரோகாய் 1972இல் ஜாஸும் சாம்பாவும் கலந்து ஒரு தட்டு போட்டு, அது போகாமல் விளம்பரப் பாட்டு போடப் போய்விட்டார். 2003இல்தான் மறுபடி அச்சானது. மூன்றையும் தேடிக் கேளுங்கள். இத்தனை வருஷம் மட்டமாக இருந்துவிட்டு, மறுபதிப்பு வந்த வாரத்தில் நல்ல பாட்டாகிவிட்டனவா?

நம்மூரில் அந்தச் சல்லடை ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் கையில் இருந்தது. காலி கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்தால், தன்னிடம் இல்லாததைப் பேனாவால் அடித்துவிட்டு, "இத போட்டுக்க தம்பி, இதான் இப்ப ஓடுது" என்பார். அவர் மேல் தப்பில்லை. கடை ஓட வேண்டுமே. அதற்கும் தப்பியவை பரணில் கிடந்தன. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் வந்தது. விழுந்த பலாவையும் முந்திரியையும் கணக்கெடுத்தார்கள். நாடாவில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்த கேசட்டுக்கு யார் கணக்கெடுத்தார்கள்? புயல் என்ன, ராகம் பார்த்தா நனைத்தது?

"அதான் யூடியூப்ல எல்லாம் இருக்கே" என்பார்கள். ஏற்றியவர் வீட்டில் இருந்தது இருக்கிறது, அவ்வளவுதான்.

சிதம்பரம் எஸ். ஜெயராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பராசக்தி'யில் சிவாஜிக்கும், 1958இல் 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் ராவணனுக்கும் பாடிய அந்தக் கனத்த குரல், இன்று இரண்டு மூன்று பாட்டாகச் சுருங்கிக் கிடக்கிறது. மிச்சம் எங்கே? சிதம்பரம் பக்கம் மைக் செட் கட்டிய பழைய ஆட்களின் வீட்டில் தட்டு அடுக்கிய தகரப் பெட்டி ஏதும் இருந்தால், போய்த் திறக்கச் சொல்லுங்கள். காயலான் கடைக்காரர் போவதற்குள்.