பனி பார்க்கப் புறப்படும் தோழியருக்கு



ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்த தோழியர் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆசிரியை. ஒருவர் வீட்டிலிருந்தே தையல் தைப்பவர். ஒருவர் ஸ்பிரிங்வெளிக் கடைவீதியில் கணவரின் கடையைப் பார்த்துக்கொள்பவர். ஒருவர் வெளிநாட்டில் வீட்டுப் பணி செய்து திரும்பியவர். இன்னொருவர் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு உம்மா வீட்டில் இருப்பவர். பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து இரண்டு நாள் எங்காவது போய்வர வேண்டும் என்று ஆசை. நல்ல குளிர் வேண்டும், கலகலப்பு வேண்டும், செலவு கைக்கு அடங்க வேண்டும், முடிந்தால் பனியும் பார்க்க வேண்டும். இந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூட்டம் இருக்கும். பேச்சு வார்த்தையிலேயே வருடங்கள் போய்க்கொண்டிருக்கும். எப்படித் தெரிவு செய்வது என்பதைத்தான் இம்மாதம் பேசப் போகிறோம்.

பனி என்றதும் இப்போது பலருக்கு நினைவு வருவது காஷ்மீர். வெள்ளை மலையில் காலில் நீண்ட பலகை கட்டிச் சறுக்கும் படத்தைப் பயண முகவர்கள் துண்டுப் பிரசுரமாகவும் கைப்பேசியிலும் அனுப்புகிறார்கள். அந்த இடத்தின் பெயர் குல்மார்க். குல் என்றால் பூ, மார்க் என்றால் புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,650 மீட்டர். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிச்சறுக்குக் காலம். 1998இல் அங்கே கம்பிவடத் தொட்டில் ஓடத் தொடங்கியது. 2005இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்டு, இப்போது 3,900 மீட்டருக்கும் மேல் கொண்டுபோய் விடுகிறது. அழகில் குறைவில்லை. ஆனால் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கும் தொகை முழுத் தொகை அல்ல. ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர் வண்டிப் பயணம். கடும் பனி விழுந்தால் தங்மார்க்கிலிருந்து மேலே ஏற, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வேறு வண்டி பிடிக்க வேண்டும். தொட்டிலுக்குத் தனிச் சீட்டு, அதுவும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். மேலங்கிக்கும் சப்பாத்துக்கும் தனி வாடகை, சறுக்குப் பலகைக்குத் தனி, சொல்லிக்கொடுப்பவருக்குத் தனி. இத்தனையும் கொடுத்த பிறகு, பழகாதவர் முதல் நாளில் பெரும்பாலும் செய்வது விழுந்து எழும்புவதுதான்! அத்துடன் 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதையும் குடும்பத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அப்பக்கம் போக நினைப்பவர் அன்றைய நிலைமையை விசாரித்த பிறகே முற்பணம் கட்ட வேண்டும். வசதியுள்ளவர் குடும்பத்தோடு போகட்டும். எட்டுத் தோழியர் சேர்ந்து போகும் முதல் பயணத்துக்கு அது ஏற்றதல்ல என்பது என் அபிப்பிராயம்.

நமது பிதுருதலாகலை 2,524 மீட்டர். குல்மார்க்குக்கும் அதற்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குல்மார்க் பூமத்திய ரேகைக்கு வடக்கே 34 பாகையில் இருக்கிறது, நாம் 7 பாகையில். அதனால்தான் இங்கே வானத்திலிருந்து வெண்பனி கொட்டுவதில்லை. நமுனுகுல உச்சியை மூடி நிற்பதையும் பனி என்கிறோம், காலையில் புல்லில் நிற்கும் நீரையும் பனி என்கிறோம். இரண்டும் வேறு. ஆனால் மூன்றாவதாக ஒன்று நம் நாட்டிலும் உண்டு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவிலும் அம்பேவெலவிலும் ஹோட்டன் சமவெளியிலும் விடியற்காலையில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும். பூப்பனி, துகள் பனி என்றெல்லாம் சொல்கிறார்கள். கையால் தொட்டால் உப்புத்தூள் போல நொறுங்கும்.

அது எல்லா நாளும் விழாது. இரவில் மேகம் இருக்கக் கூடாது, காற்றும் அடிக்கக் கூடாது. அப்போதுதான் தரை தன் சூட்டை இழந்து உறைநிலைக்கு வரும். குளிர்ந்த காற்று பாரமானது, பள்ளத்தில் தேங்கும். ஆகவே மலைச்சரிவில் தேடாமல் தாழ்ந்த புல்வெளியில் தேடுங்கள். முன்னிரவில் நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் காலையில் வாய்ப்பு உண்டு. சுபஹ் தொழுததும் புறப்பட்டுவிட வேண்டும். சூரியன் மேலே வந்து சிறிது நேரத்தில் எல்லாம் உருகிவிடும். எனவே பதுளையிலிருந்து அன்று காலை போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பது வீண். முதல் நாள் இரவே அங்கு தங்க வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. நமக்குக் காட்சியாக இருக்கும் அந்த வெள்ளை, தேயிலைத் தளிரில் விழுந்தால் கொழுந்து கருகிவிடும். கொழுந்து இல்லாவிட்டால் வேலை குறையும், வேலை குறைந்தால் சம்பளம் குறையும். மரக்கறித் தோட்டக்காரருக்கும் இதே கதி. படம் எடுக்க அவர்களுடைய பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்.

எந்த மாதம் போவது? செலவைத் தீர்மானிப்பதில் பாதி இதுதான். ஏப்ரல் நுவரெலியா சீசன். புத்தாண்டு விடுமுறையோடு குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியைச் சுற்றிக் கடைகள், சனநெரிசல். கலகலப்புக்குக் குறைவில்லை. ஆனால் அறை வாடகை ஏறிவிடும், வெலிமடைப் பக்கமாகப் போகும் வாகனங்கள் ஹக்கலையிலேயே ஊர்ந்து நிற்கும். பூப்பனியும் அப்போது இராது. கூட்டம் கூடும் போட்டிகளுக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள், 2024 ஏப்ரல் 21இல் நமது ஊவாவின் தியத்தலாவை பொக்ஸ் ஹில் காரோட்டப் போட்டியில் வாகனம் பார்வையாளர் மீது பாய்ந்து 7 பேர் இறந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரியில் நமது பக்கம் வடகீழ்ப் பருவமழை இன்னும் ஓயாமல் இருக்கலாம், பெப்ரவரிதான் உலர்ந்த மாதம். ஆனால் 2026, 2027 ஆகிய ஆண்டுகளில் ரமழான் பெப்ரவரியிலேயே தொடங்குகிறது. இந்தச் சில வருடங்களுக்கு நமக்குப் பொருத்தம் ஜனவரிக் கடைசி. அதுவும் வெள்ளி, சனி, போயா விடுமுறையை விட்டு, வார நடுவில். அந்த நாட்களில் வாடகையைப் பேசிக் குறைக்கலாம்.

ஆடி மாதத்தில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் நுவரெலியா மழையில் நனையும்போது ஊவாவில் உலர்ந்த காற்று வீசும். நமது தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவதே அந்தக் காற்றுத்தான். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தில் ரயில் ஒரு பக்கம் மழையில் நுழைந்து மறுபக்கம் வெயிலில் வெளிவருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அப்போது ஹப்புத்தளையில் தங்கி, தம்பேதன்னைத் தோட்டத்திலுள்ள லிப்டன் ஆசனத்துக்குக் காலையிலேயே ஏறலாம். 9, 10 மணிக்கு மேல் மேகம் மூடிவிடும். பனித்துகள் கிடையாது, ஆனால் போர்வைக்கு வேலை இருக்கும்.

கலகலப்பை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எட்டுப் பேர் நான்கு ஹோட்டல் அறைகளில் இரண்டிரண்டாகப் பிரிந்து கதவை மூடிக்கொண்டால் என்ன கலகலப்பு வரும்? சமையலறையோடு ஒரு முழு வீட்டை எடுங்கள். பெரும்பாலும் செலவும் குறையும். ஹலால் சாப்பாடு தேடி அலையவும் வேண்டாம். அரிசியும் மசாலாவும் வீட்டிலிருந்து, மரக்கறி வெலிமடைச் சந்தையிலிருந்து. இரவில் இரண்டு சஹன் வைத்து நான்கு நான்கு பேராக இருந்து சாப்பிட்டுப் பாருங்கள்! சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே உங்கள் பொறுப்பு. வீடு பேசும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: சுடுநீர் நாள் முழுதும் வருமா, ஆளுக்கு எத்தனை கம்பளி, கேஸ் வாடகையில் சேர்ந்ததா, வாகனம் வாசல் வரை வருமா. உறைபனிக் காலையில் சுடுநீர் இல்லாமல் வுழூச் செய்து பார்த்தவர்களுக்கு முதல் கேள்வியின் அருமை தெரியும்.

தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. பதுளையிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். ஷாஃபிஈ மத்ஹபின்படி சுருக்கித் தொழுவதற்கான தூரம் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே இப்பயணத்தில் முழுமையாகவே தொழ வேண்டும். பெண்கள் பயணத்தில் மஹ்ரம் பற்றிய சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஒருவரின் கணவரோ நானாவோ உம்மாவோடு கூட வந்து முன்னறையில் தங்கினால் வீட்டுப் பெரியவர்களின் கவலையும் பாதி தீரும். வருகிறவர் வாய் அடக்கமானவராக இருப்பது நல்லது.

இனிப் பணம். தோழமை உடைவது இங்கேதான். எல்லோரும் கூடியிருக்கும்போது “ஆளுக்கு 20,000 போடுவோமா?” என்று ஒருவர் கேட்டால், இயலாதவர் இயலாது என்று சொல்லமாட்டார். சரி என்பார். பிறகு காதுத் தோட்டை அடகு வைப்பார், அல்லது கடைசி வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்லாதீர்கள், கேட்ட முறைதான் பிழை. எட்டுப் பேரும் தம்மால் இயன்ற தொகையைப் பெயர் எழுதாத ஒரு துண்டில் எழுதி ஒரு டின்னில் போடட்டும். அதில் மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்குள் பயணத்தை அமைக்க வேண்டும். 8,000 என்றால் 8,000க்கு எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். நுவரெலியா எட்டாவிட்டால் ஹப்புத்தளை, அதுவும் எட்டாவிட்டால் காலையில் போய் மாலையில் திரும்பும் துன்ஹிந்தை. 64 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் தண்ணீர் புகை போல எழும்புவது பனிக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. அதிகம் உள்ளவர் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் பணத்தை வைத்திருப்பவரிடம் தனியாகக் கொடுக்கட்டும், யார் கொடுத்தது என்பது அவரோடு நிற்கட்டும்.

சீட்டுப் பிடித்துப் பழகிய உங்களுக்குச் சேர்ப்பது கஷ்டமில்லை. மாதம் 1,500 ரூபா பத்து மாதம் போட்டால் 15,000. கொப்பியில் எழுதி வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது, தோழிக்குள் எதற்கு எழுத்து என்று கேட்பவருக்கு அதைச் சொல்லுங்கள். செலவை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். வேனும் வீடும் எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு. பேச்சுக்கு வேன் 40,000 என்றால் எட்டுப் பேருக்கு ஆளுக்கு 5,000. இருவர் நின்றுவிட்டால் ஆறு பேருக்கு ஏறக்குறைய 6,700. ஆகவே அந்தப் பங்கு வராதவருக்கும் திரும்பிக் கிடைக்காது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சாப்பாட்டுக் காசு மட்டும் திருப்பிக் கொடுக்கலாம்.

ரயில் மலிவு, அழகும் கூட. ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவால் உடைந்தது. எனவே பதுளை நிலையத்தில் எதுவரை ஓடுகிறது என்று கேட்ட பிறகே திட்டம் போடுங்கள். நானுஓயாவில் இறங்கினாலும் நுவரெலியாவுக்கு மீண்டும் பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும்.

வேன் என்றால், மலிவான வேனைத் தேடாதீர்கள். மற்ற எதிலும் பேரம் பேசுங்கள், இதில் வேண்டாம். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்லப் பக்கம் சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல ஒன்றாகச் சிரித்துப் போனவர்கள்தான். அதே வருடம் மே 11இல் கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். டயரைப் பாருங்கள், பிரேக் எப்போது பார்த்தது என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. இறக்கத்தில் சிறிய கியரில் இறங்கச் சொல்லுங்கள். கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும். மக்ரிபுக்குப் பிறகு மலைப்பாதையில் ஓட்ட வேண்டாம்.

சாரதிக்கும் ஒரு கட்டில், கம்பளி, இரவுச் சாப்பாடு என்று கொப்பியில் முதல் வரியாக எழுதுங்கள். நுவரெலியாக் குளிரில் இரவெல்லாம் வேனுக்குள் முடங்கிக் கிடந்தவர் காலையில் ஹக்கலை இறக்கத்தில் கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? பூப்பனி பார்க்க விடியுமுன் அவரை எழுப்புவதாக இருந்தால், முந்தின இரவு 9 மணிக்கே அவரைத் தூங்க விடுங்கள். உங்கள் பேச்சு முடிய நள்ளிரவாகும், அது எனக்குத் தெரியும்.