சில காலம் நம் வீட்டுப் பிள்ளை



அக்கா மகன் நம் வீட்டில் தங்கிப் படித்ததும், சித்தப்பா மகள் நம் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்ததும் நமக்குப் புதிதா என்ன? சொந்தத்தில் கஷ்டம் என்றால் ஒரு தட்டு கூடுதலாக வைத்துப் பழகியவர்கள்தானே நாம்?

அப்படிச் சொந்தபந்தம் இல்லாத குழந்தை எங்கே போகும்? அம்மா நீண்டகால சிகிச்சையில், அப்பா இல்லை என்றால், பெரும்பாலும் ஹோமுக்குத்தான். அங்கே சாப்பாடும் படிப்பும் கிடைக்கலாம். 'ஏன் முகம் வாடியிருக்கு?' என்று கேட்க வீட்டில்தான் ஆள் இருக்கும்.

இத்தகைய குழந்தைகளுக்காக 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்ற ஏற்பாடு இருக்கிறது. தத்தெடுத்தால் பிள்ளை நிரந்தரமாக நம்முடையது. இதில், பெற்றவர்கள் நிலை சரியாகும்வரை நாம் வளர்க்கிறோம்.

'பாசம் வைத்த பிறகு அனுப்ப வேண்டுமே!' என்ற தயக்கம் நியாயமானது. வலிக்கத்தான் செய்யும். ஆனால், நமக்கு வலிக்கும் என்பதற்காக அந்தக் குழந்தைக்கு வீடே கிடைக்காமல் போகலாமா?

தொடக்க நாள்கள் சுலபமாக இருக்காது. ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூட அனுமதி கேட்கும் பிள்ளை, பிஸ்கட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும். அம்மா வந்து பார்த்துவிட்டுப் போன அன்று இரவு சாப்பிட மறுக்கும். 'என் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துட்டான்' என்று நம் பிள்ளை சண்டைக்கு வரும். திட்டாமல், தோண்டித் துருவாமல், நேரத்துக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் இருந்தாலே போதும். ஒருநாள், 'நாளைக்குத் தோசையா?' என்று உரிமையோடு கேட்கும். இந்த அனுபவத்துக்காகவே மனம் உவந்து முன்வரும் குடும்பங்கள் உண்டு.

தம்பதிகள் மட்டுமல்ல, 2024-ல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்களின்படி 35 முதல் 60 வயதுவரை உள்ள, தனியாக வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் ஆண்களிடம் ஆண் குழந்தைகளை மட்டுமே ஒப்படைப்பார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு.

விண்ணப்பித்தால், அதிகாரிகள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். குழந்தைகள் நலக் குழுதான் முடிவு செய்யும். அதன் பிறகும் கண்காணிப்பு தொடரும். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? நம் பிள்ளையை இன்னொரு வீட்டில் விடுவதானால், நாமும் நாலு இடத்தில் விசாரிக்க மாட்டோமா?

இன்றிரவு சாப்பிடும்போது இதைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் பிள்ளைகளின் கருத்தையும் கேளுங்கள். எல்லோருக்கும் சம்மதம் என்றால், உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒருமுறை விசாரியுங்கள். நம்மால் முடியாவிட்டாலும், முடிந்த ஒரு குடும்பத்திடம் இந்தச் செய்தியைச் சேர்க்கலாமே!

அன்புடன்,
ஆசிரியர்