விருது இருக்கிறது, படம் எங்கே?

1927-இல் வெளிவந்த ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’ என்ற மௌனப் படத்தில் ஒரே நடிகை எட்டு வேடங்கள் கட்டினார். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருவில் திரியும் பொடியன், வாழைப்பழம் விற்பவர், பொன்னிறக் கூந்தலுடன் ஓர் ஐரோப்பியப் பெண் என்று காட்சிக்குக் காட்சி ஆளே மாறினார். அந்த நடிகையின் பெயர் சுலோசனா. அன்றைய இந்தியத் திரையில் அவருக்கு இணையான நட்சத்திரங்கள் அரிது. அந்த எட்டு வேடங்களில் ஒன்றைக்கூட இன்று யாரும் பார்க்க முடியாது. படமே இல்லை.

1973-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதை இந்திய அரசு சுலோசனாவுக்கு வழங்கியது. தேவிகா ராணிக்கு அடுத்து அந்த விருதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்தான். கலைஞரைக் கௌரவிப்பதில் நாம் குறை வைப்பதில்லை. அவர் செய்த கலையைக் காப்பாற்றுவதில்தான் கோட்டைவிடுகிறோம்.

சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூத மரபைச் சேர்ந்தவர். 1907-இல் புனேயில் பிறந்தார். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்துவந்த அவரை, கோஹினூர் ஃபிலிம் கம்பெனியின் இயக்குநர் மோகன் பவ்னானி நடிக்க அழைத்தார். ரூபி முதலில் மறுத்துவிட்டார். சினிமாவில் நடிக்கும் பெண் என்றாலே ஊர் வேறு மாதிரி பார்த்த காலம் அது. 1913-இல் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தபோது தாராமதியாக நடிக்கப் பெண் கிடைக்காமல், உணவகத்தில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞருக்குத்தான் சேலை கட்டினார். பின்னர் அந்த இடத்தை நிரப்பியவர்களில் பலர் யூத, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண்கள். பேஷன்ஸ் கூப்பர் சொந்தப் பெயரிலேயே நடித்தார். ரெனீ ஸ்மித், சீதா தேவி ஆனார். பவ்னானி விடாமல் வற்புறுத்தியதில் ரூபி மையர்ஸும் சுலோசனா ஆனார்.

அவர் நடித்த படங்களின் பெயர்களைப் பாருங்கள்: ‘சினிமா குயீன்’, ‘டைப்பிஸ்ட் கேர்ள்’, ‘இந்திரா பி.ஏ.’ புராணக் கதைகள் கொடிகட்டிப் பறந்த நாளில், வேலைக்குப் போகும் பெண்ணும் பட்டம் படித்த பெண்ணும் கதாநாயகிகளாக வந்திருக்கிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த ஒருவரே டைப்பிஸ்டாக நடித்ததில் ஒரு பொருத்தமும் இருந்தது. சம்பாதிக்கும் பெண்ணை 1920-களின் பம்பாய் எப்படிக் கற்பனை செய்தது, எதைக் கண்டு ரசித்தது, எதைக் கண்டு மிரண்டது என்பதற்கெல்லாம் அந்தப் படங்களைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. சுருள்கள் போனதோடு அந்தச் சாட்சியமும் போயிற்று.

அர்தேஷிர் இராணியின் இம்பீரியல் ஃபிலிம் கம்பெனிக்கு வந்தபின் சுலோசனாவின் புகழ் உச்சிக்குப் போனது. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பம்பாய் கவர்னர் வாங்குவதைவிட அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். சினிமாவில் ஒலி அரும்பத் தொடங்கியபோது, காந்தி கதர்க் கண்காட்சியைத் திறந்துவைத்த குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதோடு ‘மாதுரி’ படத்தில் சுலோசனா ஆடிய நடனத்தையும் ஒலி சேர்த்துக் காட்டினார்கள். கூட்டம் சேர்க்க இரண்டு பேரும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

1928-இல் அனார்கலி கதையை இன்னொரு நிறுவனம் சீதா தேவியை வைத்துப் பெரும் செலவில் எடுத்துக்கொண்டிருந்தது. இம்பீரியல் சும்மா இருக்குமா? சுலோசனாவை வைத்து அவசர அவசரமாக ஓர் ‘அனார்கலி’யை எடுத்து, முந்திக்கொண்டு வெளியிட்டது. 1935-இல் அதே கதை பேசும்படமானபோதும் அவரே அனார்கலி. 1953-இல் மூன்றாவது முறையாக வந்தபோது அனார்கலி பீனா ராய். சுலோசனாவுக்குக் கிடைத்தது கதாநாயகன் சலீமின் தாய் வேடம். ஒரு நடிகையின் ஏற்றமும் இறக்கமும் ஒரே கதைக்குள் அடங்கிவிட்டன.

அந்த இறக்கத்தைத் தொடங்கிவைத்தது ஒலி. 1931 மார்ச் 14-ஆம் தேதி இம்பீரியலின் ‘ஆலம் ஆரா’ வெளியானது. இந்தியாவின் முதல் பேசும்படம். கம்பெனியின் பெரிய நட்சத்திரம் சுலோசனா; ஆனால் நாயகி வேடம் சுபைதாவுக்குப் போனது. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ஓராண்டு ஒதுங்கி மொழியைப் படித்துக்கொண்டு, 1932-இல் பேசும் ‘மாதுரி’யோடு திரும்பி வந்தார். தன் மௌனப் படங்களையே ஒவ்வொன்றாகப் பேசவைத்தார். ‘இந்திரா பி.ஏ.’, ‘இந்திரா எம்.ஏ.’ ஆனது, பேச்சு வந்ததும் பட்டமும் உயர்ந்துவிட்டது! டி.பில்லிமோரியாவுடன் அவர் ஜோடி சேர்ந்த படங்கள் 1930-களின் இறுதிவரை ஓடின. அதன்பிறகு வாய்ப்புகள் சுருங்கி, சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார். 1983-இல் மும்பையில் காலமானார்.

இந்தியாவில் தயாரான மௌனப் படங்கள் சுமார் 1,300. முழுதாகவோ துண்டாகவோ எஞ்சியிருப்பவை முப்பதைத் தாண்டுவதே கடினம். மிச்சமெல்லாம் எங்கே போயின? அன்றைய ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும், வெயிலிலும் ஈரத்திலும் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். பேசும்படம் வந்ததும் பழைய சுருளுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. அதில் பூசியிருந்த வெள்ளிக்குத்தான் மதிப்பு. சுருள்களைக் கழுவி வெள்ளியை எடுத்து விற்றார்கள். ‘ஆலம் ஆரா’வின் கதியும் அதுதான். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே.நாயர் அந்தப் படத்தைத் தேடிப் போனபோது, வெள்ளியை எடுத்தபின் சுருள்களைத் தானே ஒழித்துவிட்டதாக இராணியின் மகன் கூறினாராம். நாயரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

தமிழர்களுக்கும் இது அடுத்த வீட்டுக் கதையல்ல. அதே இராணியின் இம்பீரியல்தான் அதே 1931-இல், எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் ‘காளிதாஸ்’ படத்தைத் தயாரித்தது. டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசிப் பாடிய அந்த முதல் தமிழ்ப் பேசும்படமும் இன்று இல்லை. மௌனப் படக் காலத்தில் பம்பாயில் கதாநாயகனாக வலம்வந்தவர் புதுக்கோட்டைக்காரரான ராஜா சாண்டோ. அவர் பெயரில் தமிழக அரசின் விருது இருக்கிறது. அவர் நடித்த மௌனப் படங்களில் பெரும்பாலானவை கைக்கு எட்டுவதில்லை.

தப்பிப் பிழைத்தவை எப்படிப் பிழைத்தன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஹிமான்ஷு ராயும் ஜெர்மானியரான ஃப்ரான்ஸ் ஆஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய ‘பிரேம் சன்யாஸ்’, ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ இரண்டும் ஐரோப்பாவுக்குப் போனதால் தப்பின. திருவனந்தபுரத்தில் 1933-இல் திரைக்கு வந்த ‘மார்த்தாண்ட வர்மா’வைக் காப்பாற்றியது ஒரு வழக்கு. படத்துக்கு மூலமான நாவலின் உரிமை தங்களிடம் இருப்பதாக அதன் பதிப்பகம் நீதிமன்றம் போக, படம் முடங்கியது. பிரதி பதிப்பகத்தின் கைக்கு வந்து அங்கேயே கிடந்தது. 1974-இல் ஆவணக் காப்பகம் அதை எடுத்துக்கொண்டது. வழக்குப் போடாமல் விட்டிருந்தால் அதுவும் வெள்ளிக்காரரிடம் போயிருக்கும்.

இனியும் தற்செயலை நம்பியிருக்க முடியாது. இந்தியாவில் ஒரு புத்தகம் அச்சானால், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் போயாக வேண்டும். அறுபது பக்கக் கவிதை நூலுக்கும் அது பொருந்தும். கோடிகளைக் கொட்டி எடுக்கும் சினிமாவுக்கு அப்படிப்பட்ட சட்டம் இல்லை. தேசிய விருது பெற்ற படங்களின் பிரதியைக் காப்பகம் வாங்கிக்கொள்கிறது. மற்றவை தயாரிப்பாளரின் பொறுப்புக்கும் அவர் பிள்ளைகளின் பொறுமைக்கும் விடப்படுகின்றன. பிரான்சில் படங்களின் பிரதியை அரசிடம் ஒப்படைப்பது சட்டப்படி கட்டாயம்.

பிரதி கொடுத்தால் திருட்டு டிவிடி வந்துவிடும் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சலாம். காப்பகத்தின் வேலை பாதுகாப்பது. திரையிடும் உரிமை உரிமையாளரிடமே இருக்கும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் அந்த அச்சம் தீரும். டிஜிட்டல் காலத்தில் படம் எங்கே தொலையும் என்ற சமாதானமும் எடுபடாது. ஹார்டு டிஸ்க் பழுதாகும், கம்பெனி மூடப்படும், பழைய கோப்பைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழிந்துபோகும். இன்றைய படத்துக்கு வெள்ளியைப் பற்றிய கவலை இல்லை, அவ்வளவே.

தணிக்கைச் சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு படத்தின் தரமான பிரதி ஒன்று காப்பகத்துக்கும் போக வேண்டும் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். ஆண்டுக்கு இருநூறு படங்களுக்குக் குறையாமல் வெளியாகும் தமிழுக்குச் சென்னையில் குளிரூட்டிய பெட்டக வசதியுடன் ஒரு காப்பகத்தைத் தமிழக அரசு அமைக்க வேண்டும். பழைய விநியோகஸ்தர்களின் வீடுகளிலும் மூடிய தியேட்டர்களின் புரொஜக்டர் அறைகளிலும் இன்னும் தகர டப்பாக்கள் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்கடைக்குப் போடுவதற்குமுன் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.